ஓக் இலையைப் போலி என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ப் பதக்கங்களைச் சேகரிப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரைக்கு மேலே பெரிதாக, ஜேர்மன் போர் விருதான இரும்புச் சிலுவை ஒன்றின் படம். அதன் கீழே, "ஹிட்லர் காலத்து இரும்புச் சிலுவை" என்று குறிப்பு. கட்டுரைக்குள் நான்காவது பத்தியில், "நடுவில் இலை பொறித்த சிலுவைகள் பிற்காலத்துப் போலிகள், ஏமாற வேண்டாம்" என்று ஓர் எச்சரிக்கை. நீங்கள் அச்சிட்ட படத்தை எடுத்து ஒரு பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அந்தச் சிலுவையின் நடுவில் இருப்பது மூன்று ஓக் இலைகள். உங்கள் படக்குறிப்பு சொல்வதை உங்கள் கட்டுரையே மறுக்கிறது. இரண்டுமே தவறு என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அது ஹிட்லர் காலத்துச் சிலுவையும் அல்ல, போலியும் அல்ல. 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் சட்டப்படி, நாஜிக் குறியான ஸ்வஸ்திகாவை நீக்கி மறுபடியும் செய்யப்பட்ட வடிவம். சேகரிப்பவர்கள் இதைச் சுருக்கமாக "ஐம்பத்தேழு" என்பார்கள். "இது ஐம்பத்தேழா, போர்க்காலத்ததா?" என்பதுதான் இங்கே பழம்பொருள் சந்தைகளில் முதலில் காதில் விழும் கேள்வி.

நான் லூடன்ஷைட் நகரில் வாழ்கிறேன். ஜேர்மனியின் சவர்லாந்து மலைப்பகுதியில் இருக்கும் இந்த ஊர் பொத்தானுக்கும் பதக்கத்துக்கும் பெயர் பெற்றது. 1889இல் தொடங்கிய ஸ்டைன்ஹவர் உண்ட் லுக் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. போர்க்காலத்தில் பதக்கம் செய்ததும் அதுதான். போருக்குப் பிறகு ஐம்பத்தேழு வடிவங்களையும் குடியரசின் சேவைச் சிலுவையையும் செய்ததும் அதுதான். நான் வேலை செய்தது அங்கே அல்ல, கதவுப் பிடிகளும் விளக்குப் பாகங்களும் செய்யும் ஒரு சிறிய பட்டறையில். 1984இல் வந்து சேர்ந்தபோது மெருகேற்றும் சக்கரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். பிறகு மின்முலாம் தொட்டிகளுக்கு மாறினேன். ஓய்வு பெறும்வரை பித்தளையும் துத்தநாகமும் நிக்கலும்தான் என் நாட்கள். ஓர் உலோகத் துண்டைக் கையில் எடுத்தால் அது அச்சில் அடித்ததா, வார்ப்பில் ஊற்றியதா, முலாம் எத்தனை முறை போட்டது என்று விரல் சொல்லிவிடும். ஆகவே இந்த விடயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தப் பட்டறையில் எங்கள் எல்லாருக்கும் தலைமையாக ஒரு முதியவர் இருந்தார். மைஸ்டர் என்றுதான் எல்லாரும் அழைப்போம். 1921இல் பிறந்தவர். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லாததால் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். எனக்கு டொச்சு, அதாவது ஜேர்மன், மொழி சரியாக வராத நாட்களில் கையால் காட்டியே வேலை கற்றுக்கொடுத்தார். தவறு செய்தால் திட்டமாட்டார். அந்தத் துண்டை எடுத்து என் கண் முன்னால் வெளிச்சத்தில் பிடிப்பார், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1997இல், அவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். மேசையில் ஒரு சுருட்டுப் பெட்டி. திறந்தால் மூன்று பொருட்கள்: போரில் காயமடைந்தவர்களுக்குத் தரும் காயச் சின்னம் கறுப்பு நிறத்தில், கிழக்குப் போர்முனைக் குளிர்காலப் பதக்கம், இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை. மூன்றிலும் ஸ்வஸ்திகா இல்லை. காயச் சின்னத்தில் தலைக்கவசம் இருக்கிறது, குறுக்கு வாள்கள் இருக்கின்றன, சுற்றிலும் மாலை இருக்கிறது. தலைக்கவசத்தின்மேல் இருக்கவேண்டிய குறி மட்டும் இல்லை. சிலுவையின் நடுவில் இலைகள்.

"முதலில் தந்தவை எங்கே?" என்று கேட்டேன்.

"லென்னே ஆற்றில்" என்றார்.

1945 ஏப்ரலில் ரூர் பகுதியை அமெரிக்கப் படைகள் சுற்றி வளைத்தபோது, காயத்தோடு ஊருக்கு அனுப்பப்பட்டிருந்த அவர், தம் பதக்கங்களைக் கைக்குட்டையில் முடிந்து பாலத்திலிருந்து எறிந்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. பிறகு சட்டம் வந்தது. விருதுச் சான்றிதழை அவர் தாய் எப்படியோ தைத்த மெத்தைக்குள் பாதுகாத்திருந்தார். அதைக் காட்டி, சொந்தப் பணம் கொடுத்து, இந்த மூன்றையும் வாங்கினார். அரசு யாருக்கும் இலவசமாகக் கொடுக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அணியும் உரிமையைத்தான் சட்டம் கொடுத்தது. பொருளைத் தேவைப்பட்டவர் வாங்கிக்கொண்டார்.

"ஏன் மறுபடி வாங்கினீர்கள்?" என்று நான் கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "கால்விரல்கள் போனது உண்மை. எதற்காகப் போனது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க இதைவிட வேறு பொருள் கிடைக்கவில்லை" என்றார். பெட்டியை என்னிடம் தள்ளினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் ஒரு போரைத் தப்பி வந்தவன் என்பதால் என்னிடம் கொடுக்கலாம் என்று நினைத்ததாகச் சொன்னார். அன்று தொடங்கியதுதான் என் சேகரிப்பு.

இனி, உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

போர் முடிந்ததும் 1945 நவம்பர் 30ஆம் தேதி நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு தன் எட்டாவது சட்டத்தின் மூலம் ஜேர்மன் இராணுவப் பதக்கங்களையும் சின்னங்களையும் அணிவதைத் தடை செய்தது. 1955இல் மேற்கு ஜேர்மனி மறுபடி ஒரு படையை, புண்டஸ்வேரை, அமைத்தது. அதில் சேர்ந்த மூத்த அதிகாரிகளில் மிகப் பலர் பழைய போரில் இருந்தவர்கள். அவர்களுடைய மார்பில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று தீர்மானித்தே ஆகவேண்டிய நிலை. 1957 ஜூலை 26ஆம் தேதி வந்த பட்டங்கள், விருதுகள், கௌரவச் சின்னங்கள் பற்றிய சட்டம் அதற்கு விடை சொன்னது. அப்போது குடியரசுத் தலைவர் தியோடோர் ஹொய்ஸ். 1933இல் ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுத்த சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவாக வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறக்காமல் இதைப் படிக்கவேண்டும். அந்தச் சட்டத்தின்படி போர்க்களத்தில் பெற்ற விருதுகளை அணியலாம், ஆனால் நாஜிச் சின்னம் நீக்கப்பட்ட வடிவத்தில் மட்டும். கட்சி கொடுத்த விருதுகளுக்கு, உதாரணமாக நாஜிக் கட்சியின் தங்கச் சின்னத்துக்கும் இரத்தப் பதக்கத்துக்கும், எந்த வடிவத்திலும் இடமில்லை. ஆஸ்திரியாவையும் செக்கோஸ்லோவாக்கியாவின் சுதேதன் பகுதியையும் இணைத்துக்கொண்டதற்காகக் கொடுத்த பதக்கங்களுக்கும் இடமில்லை. கிழக்கு ஜேர்மனியில் இப்படி ஒரு சலுகையே கிடையாது.

சின்னத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பதக்கத்திலும் வேறு வேறு விடை கிடைத்தது. என்னை இந்தப் பொருட்களோடு கட்டிப்போட்டது அதுதான். இரும்புச் சிலுவையில் ஓக் இலை வந்தது. அது புதிதாகக் கண்டுபிடித்த அலங்காரம் அல்ல. 1813 மார்ச் 10ஆம் தேதி நெப்போலியனுக்கு எதிரான போருக்காகப் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் இந்தச் சிலுவையை நிறுவினார். கட்டடக் கலைஞர் ஷிங்கல் அதற்கு வடிவம் கொடுத்தார். மேலே கிரீடமும் அரசர் பெயரின் எழுத்துகளும், நடுவில் மூன்று ஓக் இலைகள், கீழே 1813. 1914ஆம் ஆண்டுச் சிலுவையின் பின்புறத்தில்கூட அந்த இலைகள் இருக்கின்றன. 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, போலந்துக்குள் படை நுழைந்த அதே நாளில், ஹிட்லர் சிலுவையைப் புதுப்பித்தபோதுதான் ஸ்வஸ்திகா நடுவில் ஏறியது. 1957இல் செய்தது, ஏறியதை இறக்கிவிட்டுப் பழையதை அதன் இடத்தில் வைத்ததுதான். ஆனால் கீழ்க்கரத்தில் 1939 என்ற எண் அப்படியே இருக்கிறது. எந்தப் போருக்காகப் பெற்றது என்பதை மறைக்கவில்லை.

போர்ச் சேவைச் சிலுவையில் இலை இல்லை. முன்பு பின்புறத்தில் இருந்த 1939 என்ற எண்ணையே முன்பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜேர்மன் சிலுவை என்ற பெரிய நட்சத்திரப் பதக்கத்தில் நடுவட்டம் முழுவதையும் ஸ்வஸ்திகாதான் நிறைத்திருந்தது. சிப்பாய்கள் அதற்குப் பொரித்த முட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே வெறும் வட்டத்தை விட முடியாது. ஆகவே தங்கப் பிரிவில் ஒரு சிறிய இரும்புச் சிலுவையையும் வெள்ளிப் பிரிவில் போர்ச் சேவைச் சிலுவையையும் வைத்தார்கள். விமானியின் சின்னத்தில் கழுகு பறக்கிறது, அதன் நகங்களில் எதுவும் இல்லை. போர்க்காலச் சின்னத்தையும் ஐம்பத்தேழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பிடித்திருந்ததை விட்டுவிட்ட அந்தக் கால்கள்தான் முதலில் கண்ணில் படும்.

என் மைஸ்டரின் குளிர்காலப் பதக்கத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி. 1941 நவம்பர் 15 முதல் 1942 ஏப்ரல் 15 வரை கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரியது. பதினான்கு நாட்கள் சண்டையில் இருந்திருக்க வேண்டும், அல்லது காயமோ கடும் பனிக்கடியோ பட்டிருக்க வேண்டும். அதை வாங்கியவர்களே அதற்கு உறைந்த இறைச்சிப் பதக்கம் என்று பெயர் வைத்தார்கள். நாடா சிவப்பு, நடுவில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மெல்லிய கோடுகள். சிவப்பு இரத்தம், வெள்ளை பனி, கறுப்பு இறந்தவர்களுக்கான துக்கம். போர்க்காலத்து நாடாவுக்கும் ஐம்பத்தேழு நாடாவுக்கும் வேறுபாடு இல்லை. நிறங்களை யாரும் மாற்றவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது நான் அந்தச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. ஹிட்லர் ஆட்சி 1944 ஜனவரியில் "கொள்ளையர் ஒழிப்புச் சின்னம்" என்று ஒன்றை உருவாக்கியது. கொள்ளையர் என்று அவர்கள் சொன்னது கெரில்லாப் போராளிகளை. இருபது நாள் சண்டைக்கு வெண்கலம், ஐம்பதுக்கு வெள்ளி, நூறுக்குத் தங்கம். அந்தச் சண்டை என்ற பெயரில் கிழக்கிலும் பால்கனிலும் எரிக்கப்பட்ட கிராமங்களையும், கொல்லப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் வரலாற்றாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1957இல் அந்தச் சின்னத்துக்கும் ஸ்வஸ்திகா நீக்கிய வடிவம் அனுமதிக்கப்பட்டது. ஒரு குறியை எடுத்துவிட்டால் தூய்மையாகிவிடும் பொருள் அல்ல அது. சந்தையில் பலமுறை என் கைக்கு வந்தும் நான் வாங்கவில்லை. என் பெட்டியில் அது இருக்காது.

ஆனால் இந்தத் தவறையும் நமக்குக் காட்டுவது ஐம்பத்தேழு பதக்கங்கள்தானே? ஒரு புதிய குடியரசு தன் தகப்பன்மாரின் போரை எப்படிக் கையாள முயன்றது, எங்கே சரியாகச் செய்தது, எங்கே கண்ணை மூடிக்கொண்டது என்பதெல்லாம் அந்தச் சிறிய உலோகத் துண்டுகளில் இருக்கிறது. போர்க்காலத்துப் பதக்கம் ஹிட்லர் அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. ஐம்பத்தேழு, அதற்குப் பின் வந்தவர்கள் பட்ட சங்கடத்தின் சாட்சி. எனக்கு அந்தச் சங்கடம்தான் விலை மதிப்புள்ளது. இதைப் போலி என்று ஒரு பத்திரிகை எழுதினால், படித்தவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒன்றைக் குப்பையில் எறிந்துவிடுவார்கள். என் கண் முன்னாலேயே ஒருவர் எறிந்தார். எங்கள் ஊருக்கு அருகில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, "இலை போட்டது, மதிப்பில்லாதது" என்று சொல்லி ஒரு காயச் சின்னத்தையும் சிலுவையையும் பழைய இரும்புத் தொட்டியில் போட்டார் தரகர். நான் இறங்கி எடுத்தேன். அவற்றோடு இருந்த விருதுச் சான்றிதழ் அதற்குள் மழையில் கரைந்துபோயிருந்தது. யாருடையது என்று இனி ஒருபோதும் அறிய முடியாது.

உண்மையான போலிகள் இருக்கின்றன. அதைப் பற்றி எச்சரித்திருந்தால் நான் உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன். போர்க்காலத்துப் பொருளுக்கு விலை அதிகம் என்பதால், ஐம்பத்தேழு சிலுவையை எடுத்து, இலையை அரத்தால் தேய்த்துவிட்டு, அதன்மேல் ஒரு ஸ்வஸ்திகாவை ஒட்டி விற்கிறவர்கள் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் எனக்கே அப்படி ஒன்று வந்தது. விற்றவர் அதன் நடுவில் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார். ஜேர்மன் சந்தைகளில் ஸ்வஸ்திகாவை இப்படி மறைத்துவைப்பது வழக்கம் என்பதால் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தபோது குறியும் சேர்ந்து அசைந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இலையின் காம்பு இருந்த இடத்தில் அரத்தின் கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றன. கறுப்பு வண்ணமும் நடுவில் ஒரு விதமாக, கரங்களில் வேறு விதமாக மின்னுகிறது. இரும்புச் சிலுவை மூன்று பாகங்களால் ஆனது: நடுவில் அச்சடித்த இரும்புத் தகடு, அதை இருபுறமும் கவ்வும் இரண்டு வெள்ளிநிறச் சட்டங்கள். குறி அந்த இரும்புத் தகட்டோடு சேர்ந்து ஒரே அடியில் எழும்பியிருக்கவேண்டும். ஒட்டிய எதுவும் அந்த அடியைப் போல இருக்காது. முப்பது ஆண்டுகள் உலோகத்தோடு வாழ்ந்த என்னையே ஒருவர் ஒரு சிறிய சீட்டால் ஏமாற்றினார். பணம் போனதைவிட, ஒரு நல்ல ஐம்பத்தேழைக் கெடுத்துவிட்டார்களே என்ற கோபம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. போலியிலிருந்து தப்பிக்கச் சொன்ன உங்கள் கட்டுரை, உண்மையானதைப் போலி என்று சொல்லி, அதை அரத்தில் தேய்ப்பவனுக்குத்தான் உதவியிருக்கிறது.

எண்களையும் பாருங்கள். போர்க்காலத்தில் ஒவ்வொரு செய்முறையாளருக்கும் ஓர் எண் இருந்தது. எங்கள் ஊர் நிறுவனத்துக்கு 4. ஐம்பத்தேழுகள் பலவற்றில் எந்தக் குறியும் இராது. ஆனாலும் அச்சு கூர்மையாக இருக்கும். போர் முடியும் காலத்தில் செய்த சின்னங்கள் பெரும்பாலும் துத்தநாகம். முலாம் உதிர்ந்து சாம்பல் நிறமாகிவிடும். ஐம்பத்தேழுகள் இன்னமும் பளபளப்பாக இருப்பதைப் பார்த்துத்தான் பலரும் போலி என்கிறார்கள். நல்ல உலோகமும் நிதானமான வேலையும் கிடைத்த காலத்தில் செய்தது என்பதற்கு அடையாளம்தான் அந்தப் பளபளப்பு.

இன்னொரு தவறு. "இவற்றை வைத்திருந்தாலே ஜேர்மனியில் சிறை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, அரசியலமைப்புக்கு எதிரான அமைப்புகளின் சின்னங்களைப் பொது இடத்தில் பயன்படுத்துவதைத் தண்டிக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். கலை, ஆய்வு, கற்பித்தல், வரலாற்றுச் செய்தி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஸ்வஸ்திகா உள்ள பழைய பதக்கம் ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருப்பது குற்றம் அல்ல; அதை மார்பில் குத்திக்கொண்டு தெருவில் நடப்பது குற்றம். ஐம்பத்தேழில் அந்தச் சின்னமே இல்லாததால் இந்தப் பிரிவு அதைத் தொடாது. ஆனால் தமக்கு வழங்கப்படாத விருதை யாரும் அணிய முடியாது. நான் எதையும் ஒருநாளும் என் சட்டையில் குத்தியதில்லை, குத்தவும் மாட்டேன்.

நம் வாசகர்களுக்கு ஸ்வஸ்திகா கோயிலிலும் வீட்டு வாசலிலும் பார்த்துப் பழகிய மங்கலக் குறி. அதனால்தான் உங்கள் கட்டுரையாளர், அதை ஏன் எடுக்கவேண்டும் என்றே புரியாமல் எழுதியிருக்கிறார் போலும். ஜேர்மானியர்கள் அதைக் கொக்கிச் சிலுவை என்று அழைக்கிறார்கள். சாய்த்து நிறுத்திய அந்தக் கொக்கிகளின் கீழ் என்ன நடந்தது என்று தெரிந்த ஊரில், அதை எடுத்த இடத்தில் ஓர் இலையை வைப்பது சின்ன விடயம் அல்ல.

2007இல் இரும்புச் சிலுவையை மறுபடி விருதாக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. அரசு அதைச் செய்யவில்லை. 2008இல் வீரத்துக்கான கௌரவச் சிலுவை என்று வேறு பெயரில், வேறு வடிவத்தில் ஒன்றை நிறுவியது. புண்டஸ்வேரின் வாகனங்களிலும் விமானங்களிலும் அந்தக் கறுப்புச் சிலுவையின் வடிவம் இன்றும் இருக்கிறது. மார்புக்கு மட்டும் அது திரும்பவில்லை. ஐம்பத்தேழு பதக்கங்களை உரிமையோடு அணிந்தவர்கள் இன்று ஏறக்குறைய எல்லாருமே மறைந்துவிட்டார்கள். இனி அவற்றைப் பற்றிச் சொல்ல மிஞ்சியிருப்பது பொருளும், அதைப் பற்றி நாம் எழுதும் வார்த்தையும்தான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு இதழில், அதே பக்கத்தில், அந்தப் படத்தின் குறிப்பை "1957ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்யப்பட்ட இரும்புச் சிலுவை" என்று திருத்தி வெளியிடுங்கள். நான்காவது பத்தியில் உள்ள எச்சரிக்கையையும் திருத்துங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, என் மைஸ்டரின் சிலுவையை முன்னும் பின்னும் படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். படத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவர் பெயரை மட்டும் போடவேண்டாம். அவர் அதை விரும்பியிருக்கமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகத் தொழிலாளி,
லூடன்ஷைட், ஜேர்மனி